தையலுக்குப் பின்

அம்மாவின் வயிற்றில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. ஆனால் அந்த வயிறு நான்கு முறை கத்தியைப் பார்த்தது. தொப்புளுக்குக் கீழே இருக்கும் சின்னக் கோடு 1984-இல் விழுந்தது. தம்பி பிறந்த மூன்றாம் நாள் செய்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். தொப்புளிலிருந்து நேர்கீழே இறங்கும் நீளக் கோடு 1999-இல், கட்டி என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்தபோது விழுந்தது. அதே கோட்டை 2006-இலும் 2011-இலும் மறுபடி திறந்து தைத்தார்கள். அந்தக் கடைசி இரண்டு தையல்களிலிருந்துதான் இதை எழுதத் தொடங்கினேன்.

கர்ப்பப்பை எடுத்த காயம் சீழ் பிடித்தது. ஆறு வாரம் தினமும் கட்டு மாற்றினோம். காயம் ஆறியது என்றுதான் நினைத்தோம். மறு வருடம் பொங்கலுக்கு வீடு கழுவக் குடத்தைத் தூக்கியபோது, தழும்பின் நடுவில் எலுமிச்சம்பழம் போல ஏதோ புடைத்துக்கொண்டு வந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்தால், இருமினால், தும்மினால் வெளியே வரும். அம்மா ஊரில் ஜாக்கெட் தைப்பவள். "ஏளா, உள்ளுக்குள்ள தையல் பிரிஞ்சிட்டு போல" என்று அன்றைக்கே சொன்னாள். சரியான கணிப்பு. அறுவை செய்த ஆஸ்பத்திரியில் காட்டியபோது, தொட்டுக்கூடப் பார்க்காமல், "கொழுப்பும்மா. பிள்ளை பெத்த வயிறு இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆறு வருடம் அம்மா பழைய பருத்திப் புடவையை நீளமாகக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் புடவை. கல்யாண வீடுகளில், "என்ன அக்கா, மறுபடி விசேஷமா?" என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. கர்ப்பப்பையே இல்லாத ஒருத்தியைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்போது வலது கை முந்தானைக்குள் போய்ப் புடைப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு எங்கள் வீட்டில் பெயர் இல்லை. "அது" என்றுதான் சொல்வோம். "அது இன்னைக்கு வெளிய நிக்கி." எங்கள் பக்கத்தில் குடலிறக்கம் என்றால் ஆண்களுக்கு வருவது, வேட்டிக்குள் மறைப்பது. பெண்ணுக்கு இறங்குவதென்றால் அடியிறக்கம், அதாவது கர்ப்பப்பை கீழே சரிவது. தழும்பின் வழியே வயிறு வெளியே வருவதைச் சொல்ல ஊரில் யாரிடமும் சொல் இல்லை. தமிழ் படித்தவள், சொல்லை வைத்துப் பிழைப்பவள், எனக்கும் தெரிந்திருக்கவில்லை. மருத்துவத் தமிழில் தழும்புக் குடலிறக்கம் என்கிறார்கள் என்பதை 2006-இல்தான் தெரிந்துகொண்டேன்.

நடப்பது இதுதான். வயிற்றுச் சுவரின் பலம் தோலிலும் இல்லை, கொழுப்பிலும் இல்லை. அவற்றுக்கு அடியில் வெள்ளையாக, விறைப்பாக ஓர் உறை இருக்கிறது. வயிற்றுத் தசைகளைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்த உறைதான். இரு பக்கத்து உறைகளும் நடுவில் சேரும் இடத்துக்கு வெண்கோடு என்று பெயர். நெடுக்காக வயிற்றைத் திறப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் திறப்பார்கள்; ரத்தம் குறைவு, வேகமாகத் திறக்கலாம். திறந்ததைத் தைத்து மூடினாலும் ஆறிய உறை பழைய பலத்தை முழுதாக எட்டுவதில்லை. காயத்தில் சீழ் பிடித்திருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், உடம்பில் சத்து இல்லையென்றால், தீராத இருமல் இருந்தால், தையல் சரியில்லையென்றால், உறை உள்ளுக்குள் விலகும். மேலே தோல் ஒட்டியபடியே இருக்கும். விலகிய இடத்தில் குடலும் கொழுப்புத் திரையும் தள்ளிக்கொண்டு வரும். பல காலம் தொந்தரவு மட்டும்தான். ஆனால் புடைப்பு கெட்டியாகி, படுத்தாலும் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் அது உயிர் போகிற காரியம். குடல் நெரிபட்டு அழுகத் தொடங்கும். இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது முந்தானைக்குள் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால், அவர்களிடம் சொல்ல வேண்டியது இது.

வயிற்றைத் திறக்கும் வரலாற்றைத் தேடிப் போனபோது எனக்கு முதலில் கிடைத்ததும் ஒரு பெண்தான். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஜேன் டாட் கிராஃபோர்ட். வயது நாற்பதுகளின் நடுப்பகுதி, பிள்ளைகளின் தாய். 1809-இல் அவள் வயிறு பெருத்துக்கொண்டே போனது. உள்ளூர் மருத்துவர்கள் கர்ப்பம் என்றார்கள், நாள் கடந்தும் பிறக்காத குழந்தை என்றார்கள். ("விசேஷமா?" என்ற கேள்விக்கு வயது அதிகம்.) எஃப்ரயீம் மெக்டோவல் என்ற மருத்துவர் பார்த்துவிட்டு, இது சூலகத்தில் வளர்ந்த கட்டி என்றார். வயிற்றைத் திறந்தால் சாவு நிச்சயம் என்று எல்லோரும் நம்பிய காலம். ஜேன் சம்மதித்தாள். டான்வில் ஊரிலிருந்த அவர் வீட்டுக்கு 60 மைல் குதிரையில் போனாள். சேணத்தின் முன்கொம்பில் கட்டி இடித்து இடித்து வயிற்றுத் தோல் கன்றியிருந்தது. மயக்கமருந்து வருவதற்கு இன்னும் 37 வருடங்கள் இருந்தன. மெக்டோவல் வயிற்றின் இடப்பக்கத்தில் ஒன்பது அங்குலம் திறந்தார். குடல்கள் மேசைமேல் சரிந்தன. 25 நிமிடம். அவ்வளவு நேரமும் அவள் பக்திப் பாடல்கள் பாடினாள் என்று சொல்லப்படுகிறது. எடுத்த கட்டியின் எடை 22 ராத்தலுக்கும் மேல், ஏறக்குறைய 10 கிலோ. ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தபோது அவள் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாள். 25 நாளில் ஊர் திரும்பினாள். 1842 வரை வாழ்ந்தாள்.

அந்தப் படுக்கையைச் சரிசெய்யும் காட்சியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். மருத்துவ வரலாற்றுக்காரர்கள் அதை மன உறுதி என்று எழுதுகிறார்கள். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஒன்பது அங்குலம் கிழித்துத் தைத்த வயிற்றோடு ஐந்தாம் நாள் குனிந்து படுக்கை விரிக்கிறாள். அவளை யாரும் தடுத்ததாகப் பதிவில்லை. அதன் பிறகு 32 ஆண்டுகள் அந்தத் தையல் நின்றதா, புடைத்ததா, இடுப்பில் எதையாவது சுற்றிக்கொண்டு வாழ்ந்தாளா? கட்டி போனது, பெண் பிழைத்தாள். கட்டுரைக்கு அது போதுமாக இருந்தது.

மெக்டோவல் அந்தக் கட்டுரையை வெளியிட்டது 1817-இல். அதில் மூன்று பெண்களின் கதை இருக்கிறது. இரண்டாமவளும் மூன்றாமவளும் கறுப்பினப் பெண்கள், அடிமை முறை நடந்த மாநிலத்தில். ஜேனுக்காவது வரலாற்றில் பெயர் கிடைத்தது. அந்த இருவரையும் கட்டுரை இனத்தைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறது. சம்மதம் அவர்களிடம் கேட்கப்பட்டதா, அவர்களை உடைமையாக வைத்திருந்தவரிடமா என்ற கேள்வியை அந்தக் காலம் எழுப்பவே இல்லை.

ஆக, வயிற்றைத் திறந்து மூடும் கலையைப் பெண் வயிறுகளில்தான் கற்றுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறுவை மருத்துவர்களின் துணிச்சலுக்கு அளவுகோல் சூலகக் கட்டிதான். லண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ் 1880-இல் தன் ஆயிரமாவது சூலக அறுவையை எட்டினார். பிழைத்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று அவர் ஒழுங்காகக் கணக்கு வைத்தார். அன்றைக்கு அதுவே பெரிய நேர்மை. சிசேரியனின் கதை இன்னும் விசித்திரம். 1882-இல் லைப்சிக் நகரத்து மாக்ஸ் சேங்கர் எழுதி வலியுறுத்தும் வரை, குழந்தையை எடுத்த பிறகு கர்ப்பப்பையைத் தைக்க வேண்டும் என்பதே பொது வழக்கமாகவில்லை. தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். தாய் ரத்தம் போயோ சீழ் பிடித்தோ இறப்பாள்.

இந்த வரலாற்றின் ஒரு கிளை சென்னைக்கும் வருகிறது. வழக்கறிஞரான கணவரோடு இங்கே வந்த மேரி ஷார்லீப், பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமலே சாவதைப் பார்த்து, 1875-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் இன்னும் மூன்று பெண்களோடு மாணவியாகச் சேர்ந்தார். பிறகு லண்டனில் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அதைத்தான். உடல்நிலை காரணமாக லண்டன் திரும்பிய அவர், அங்கே வயிற்று அறுவையில் பேர் பெற்ற முதல் பெண்களில் ஒருவரானார்.

என் முனைவர் பட்ட ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையைப் பற்றியது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அறுவை மருத்துவ நூல் ஒன்றைத் தமிழாக்கி 1867-இல் வெளியிட்டார். நூலின் பெயர் 'இரண வைத்தியம்'. இரணம் என்றால் புண். அறுவை என்று சொல்லும்போது மருத்துவரின் கையும் கத்தியும் கண்முன் வருகின்றன. இரண வைத்தியம் என்றால் புண்ணைச் சுமக்கும் உடம்பு வருகிறது. பழைய சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு 1999-இல் அறுவை நடந்தது. இரண வைத்தியம் நடக்கவில்லை.

தழும்பு பிரிவதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் ஹெர்மன் ஃபானன்ஸ்டீல் 1900-இல் ஒரு புதிய வெட்டைப் பற்றி எழுதினார். வயிற்றை நெடுக்காகத் திறக்காமல், அடிவயிற்று மடிப்பில் குறுக்காகத் திறப்பது. உறையைக் குறுக்கே வெட்டிவிட்டு, நடுத் தசைகளை வெட்டாமல் இரு பக்கமும் விலக்கி உள்ளே போவது. அவர் இதைத் தேடியதற்கு முக்கியக் காரணம் தழும்பில் வரும் குடலிறக்கம்தான். 1909-இல், நாற்பத்தேழு வயதில், ஒரு பெண்ணின் சீழ்க்கட்டியை அறுக்கும்போது விரலில் பட்ட காயம் விஷமாகி இறந்துபோனார்.

2009-இல் எனக்கு சிசேரியன் செய்தபோது போட்டது அந்த வெட்டுதான். "பிகினி கட்டும்மா, வெளிய தெரியாது" என்றார் தியேட்டர் நர்ஸ். நான் பிகினி போடப்போவதில்லை என்பது இருக்கட்டும். ஒரு பெண்ணின் வயிறு பிரியாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் தேடிக் கண்டுபிடித்த வெட்டு, அழகுக்கான வெட்டாகவே மக்கள் பேச்சில் மிஞ்சியிருக்கிறது. எனக்கு இன்றுவரை வயிறு பிரியவில்லை. அம்மாவுக்கு ஏன் நெடுக்காக வெட்டினார்கள் என்று கேட்டபோது, கட்டி பெரிதாக இருந்திருக்கும், அப்போது அதுதான் வசதி என்றார்கள். இருக்கலாம். பெரிய கட்டிகளுக்கும் அவசர அறுவைகளுக்கும் நெடுக்கு வெட்டு தேவைதான். ஆனால் அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் கட்டியின் அளவும் இல்லை, எப்படித் தைத்தார்கள் என்பதும் இல்லை. கர்ப்பப்பை எடுக்கப்பட்டது, நலமுடன் அனுப்பப்பட்டார், இவ்வளவுதான். சீழ் பிடித்த ஆறு வாரம் அந்தச் சீட்டுக்கு வெளியே நடந்தது.

ஏன் இவ்வளவு பெண் வயிறுகள்? நம் நாட்டில் இதற்குப் பதில் சொல்ல அரசாங்கத்தையும் சேர்க்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துப் பிடித்துக் கருத்தடை செய்தார்கள். அந்தக் கோபத்துக்கு 1977 தேர்தலில் ஆட்சி விலை கொடுத்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்களின் பக்கம் போகத் துணியவில்லை. சுமை பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய அளவில் 21.5.

கருத்தடைக்குப் போடும் வெட்டு சிறியது. அதில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு பெரிய வெட்டைவிடக் குறைவு. ஆனால் முகாம் என்று ஒன்று இருந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அங்கே நடந்த முகாம்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம், தேவிகா பிஸ்வாஸ் தொடர்ந்த வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது. செத்தவர்கள் செய்தியானார்கள். சாகாமல் புண்ணோடு வீட்டுக்குப் போய், எட்டாம் நாள் தண்ணீர்க் குடம் தூக்கியவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்க எந்த வழக்கும் இல்லை. அம்மா 1984-இல் பத்தாம் நாள் மிஷின் மிதித்தாள்.

சரிசெய்த கதைக்கு வருகிறேன். 2006-இல் புடைப்பு தேங்காய் மூடி அளவுக்கு வளர்ந்திருந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிரிந்த ஓரங்களை இழுத்துச் சேர்த்துத் தைத்தால் போதும் என்றார்கள். தைத்தார்கள். அம்மா திரும்பி வந்து முதலில் கேட்டது, "நைந்த துணிய இழுத்துத் தைச்சா நிக்குமாளா?" என்றுதான். அக்குளில் கிழிந்த ஜாக்கெட்டை அவள் ஒருநாளும் ஓரத்தோடு ஓரம் இழுத்துத் தைத்ததில்லை. தைத்தால் பக்கத்தில் கிழியும். உள்பக்கம் ஒட்டு வைத்துத்தான் தைப்பாள். ஒட்டு, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் பெரிதாக இருக்க வேண்டும்.

அறுவை மருத்துவம் இதைக் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டு எடுத்தது. முதலில் இழுத்துத்தான் தைத்தார்கள். பிறகு ஓர் ஓரத்தை இன்னோர் ஓரத்தின் மேல் ஏற்றித் தைத்தார்கள். அமெரிக்காவின் வில்லியம் மேயோ தொப்புள் குடலிறக்கத்துக்கு 1901-இல் அறிவித்த முறை அது. நோயாளியின் தொடையிலிருந்தே உறையை வெட்டியெடுத்து ஒட்டு வைத்துப் பார்த்தார்கள். வெள்ளிக் கம்பி வலை வைத்தார்கள். 1940-களில் டான்டலம் என்ற உலோக வலை வந்தது. உடம்பு அசைய அசைய அது முறிந்து துண்டு துண்டானது. 1958-இல் ஹூஸ்டன் நகரத்து பிரான்சிஸ் அஷர், பிளாஸ்டிக் இழையில் நெய்த வலையைத் தழும்புக் குடலிறக்கத்துக்கு வைத்த அனுபவத்தை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அது பாலிபுரோப்பிலீன் இழைக்கு மாறியது. இன்றும் பெருமளவு பயன்படுவது அந்த இழைதான். வலையின் கண்களுக்குள் நம் சதை வளர்ந்து அதைப் பற்றிக்கொள்ளும்.

ஒட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் பிரெஞ்சுக்காரர்களின் கெட்டிக்காரத்தனம். ஜான் ரீவ், ரெனே ஸ்டோப்பா என்ற இருவர், வலையைத் தசைக்கு முன்னால் வைக்காமல் பின்னால், தசைக்கும் உள்ளுறைக்கும் இடையில் வைக்கும் முறையை வளர்த்தார்கள். முன்னால் வைத்தால் வயிற்றின் அழுத்தம் வலையைப் பிடுங்கித் தள்ளும். பின்னால் வைத்தால் அதே அழுத்தம் வலையைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். குடலிலும் நேராகப் படாது. 1990-இல் ஆஸ்கார் ராமிரெஸ், பக்கவாட்டுத் தசை அடுக்குகளில் ஒன்றைப் பிரித்து விட்டு நடுவில் அகன்ற ஓட்டையை மூடும் வழியை எழுதினார். இது ஜாக்கெட்டில் பக்கத் தையலைப் பிரித்து முன்பக்கம் அளவு விடுவது மாதிரி. 1993-இல் லேப்ராஸ்கோப் வழியாக வலை வைப்பதும் தொடங்கியது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இழுத்துத் தைப்பதா, வலை வைப்பதா என்று நெதர்லாந்தில் இருநூறு நோயாளிகளை வைத்து முறையாகச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். முதல்முறை சரிசெய்துகொண்டவர்களில், மூன்று ஆண்டில், வெறும் தையல் போட்டவர்களுக்கு 43 சதவீதமும் வலை வைத்தவர்களுக்கு 24 சதவீதமும் திரும்ப வந்தது. அதே நோயாளிகளைப் பத்து ஆண்டுக் கணக்கில் பார்த்து 2004-இல் மறுபடி எழுதினார்கள்: 63, 32. அம்மாவுக்கு வெறும் தையல் போட்டது 2006-இல். வலைக்கு ஆகும் செலவை நாங்கள் தாங்க மாட்டோம் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கலாம். எங்களிடம் கேட்கவில்லை. வலை என்று ஒன்று இருப்பதையே சொல்லவில்லை. 2008-இல் புடைப்பு திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. தோற்ற ஒவ்வொரு தையலும் அடுத்த தையலைக் கடினமாக்கும் என்பதும் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

வலை மாயமருந்தும் இல்லை. வலையிலும் சீழ் பிடிக்கும், சில சமயம் குடலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது எடுப்பது பெரும்பாடு. இதே பாலிபுரோப்பிலீன் வலை, வயிற்றிலிருந்து கீழே இறங்கி, அடியிறக்கத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் பெண்குறி வழியாக வைக்கப்பட்ட கதையை நாம் மறக்கக் கூடாது. வயிற்றில் நின்றது அங்கேயும் நிற்கும் என்று போதிய சோதனை இல்லாமல் விற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார முடியாமல், உறவு கொள்ள முடியாமல் போனார்கள். வலிக்கிறது என்று சொன்னால் மனப்பிரமை என்றார்கள். 2019-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அடியிறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. 2020-இல் பிரிட்டனில் ஜூலியா கம்பர்லேஜ் தலைமையிலான விசாரணை அறிக்கை, பெண்கள் வருடக்கணக்கில் சொல்லியும் மருத்துவ அமைப்பு காது கொடுக்கவில்லை என்று பதிவு செய்தது. அதற்காக வயிற்றில் வைக்கும் வலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டும் வேறு இடம், வேறு சான்று. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் சம்மதிக்கலாம்.

முதல் தையலே சரியாக இருந்திருந்தால்? இங்கேதான் எனக்கு வியப்பு. 1976-இல் ஜென்கின்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார்: வெட்டின் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் உள்ளே போயிருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் வெட்டு என்றால் 60 சென்டிமீட்டர் நூல். சுவீடனில் லீஃப் இஸ்ரேல்சன் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அடிக்கு அடி சின்னதாகத் தைப்பது நல்லது என்று காட்டினார். ஆனால் உலகம் முழுக்க ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பெரிய பெரிய தையலாகவே போட்டார்கள். 2015-இல் நெதர்லாந்துக்காரர்கள் 560 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போட்டவர்களில் ஓராண்டில் 13 சதவீதம் பேருக்குக் குடலிறக்கம். பெரிய தையலில் 21 சதவீதம். கூடுதலாக ஆனது சில நிமிடம்தான். ஜேன் கிராஃபோர்டின் மேசையிலிருந்து இந்தச் சோதனைக்கு 206 வருடம். கட்டியை எடுப்பது பெரியவரின் வேலை, மூடுவது சின்னவர் வேலை, பெரியவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார் என்ற பழக்கம் இருக்கும் வரை, மூடுவதை யார் ஆராய்வார்கள்?

தையல் என்ற சொல்லுக்கு நம் பழைய நூல்களில் பெண் என்றும் பொருள். வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் எண்ணியது ஒன்றைத்தான்: திரும்ப வந்ததா, இல்லையா. சரிசெய்த வயிற்றோடு ஒருத்தி எப்படி வாழ்கிறாள் என்று கேட்கும் கேள்வித்தாள்கள் பரவலானது கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில்தான். 2012-இல் அமெரிக்காவில் வெளியான பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒன்றில், உடுத்தும்போது, குளிக்கும்போது, சமைக்கும்போது வயிற்றுச் சுவர் தடையாக இருக்கிறதா என்று இருக்கிறது. உடலுறவைப் பற்றியும் இருக்கிறது. அம்மாவிடம் இந்தக் கேள்விகளைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் "போளா" என்று எழுந்து போய்விட்டாள். பிறகு அடுப்படியிலிருந்து, "உங்க அப்பா இருக்க வரைக்கும் வெளிச்சத்துல அத காட்டினதில்ல" என்று குரல் வந்தது.

"கனம் தூக்காதீங்க" என்பதுதான் எல்லா ஆஸ்பத்திரியிலும் பெண்களுக்குத் தரும் கடைசி அறிவுரை. கனம் தூக்காமல் இருக்க வீட்டில் இன்னொருவர் தூக்க வேண்டும். அதை எந்தச் சீட்டிலும் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

2011-இல் மூன்றாவதாக ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே இருந்த அறுவை மருத்துவர் ஓர் இளம்பெண். அம்மாவைப் படுக்க வைத்து, தலையைத் தூக்கச் சொல்லி, விரல்களால் ஓட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பதினொரு வருடத்தில் அப்படித் தொட்டுப் பார்த்த முதல் ஆள். கட்டிலில் உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்தார்.

அம்மா கேட்டாள்: "ஓட்டை எத்தனை இஞ்சும்மா?"

"மூணு இஞ்சு இருக்கும்."

"ஒட்டு?"

"எல்லாப் பக்கமும் ரெண்டு இஞ்சு கூட இருக்கும்மா. ஏழு இஞ்சுக்கு வெட்டி வைப்போம்."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"சதைக்குப் பின்னாடி. உள்பக்கம்."

"அப்ப நிக்கும்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த முறை வலையின் அளவும், வைத்த இடமும், எந்த நூல் என்பதும் எழுதியிருந்தது. அம்மா அதை மடித்து, அளவு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். மிஷினுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தோம். வயிற்றில் சுற்றிக்கொண்டிருந்த பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்து, மிஷின் துடைக்க வைத்துக்கொண்டாள்.